நிரம்பாத குழி

ராடு விழுந்தால் எனக்கு முதலில் முழங்கால் சொல்லிவிடும். தரையில் துளை போடுகிற ரிக் வண்டியின் அதிர்வு இருபத்தெட்டு வருஷமாகக் கால் வழியே ஏறி ஏறி முழங்காலில் குடியேறிவிட்டது. கல்லைக் குடையும்போது ஒரு மாதிரி வலிக்கும், மணலைக் குடையும்போது வேறு மாதிரி. கீழே ஒன்றுமில்லாத இடத்தில் ராடு இறங்கும்போது மட்டும் ஒரு கணம் வலியே இருக்காது. அந்தக் கணத்துக்குத்தான் எனக்குப் பயம்.

எங்கள் அரபுப் பாலைவனத்து ருஜூம் மேட்டில் வருஷத்துக்கு நாலு நாள் தூறினால் போதும், நல்ல மழை என்று பேசிக்கொள்வோம். ஆனால் தரைக்குக் கீழே வேறு கதை. எந்தக் காலத்திலோ இங்கே மழை கொட்டோ கொட்டென்று கொட்டியிருக்கிறது. சுண்ணாம்புக் கல்லை அரித்துக் குகை குகையாகச் செய்து வைத்துவிட்டு அந்தத் தண்ணீர் போயே போய்விட்டது. வாய் திறந்து கிடக்கிற குகைக்கு நாங்கள் தஹல் என்போம். எங்கள் அப்பன்மார் ஒவ்வொரு தஹலுக்கும் பேர் வைத்திருந்தார்கள். அதன் அருகே கூடாரம் அடிக்கமாட்டார்கள், ஒட்டகத்தைப் படுக்க வைக்கமாட்டார்கள். வாய் மூடிய குகைகளுக்குப் பேர் கிடையாது. அவற்றின் மேல்தான் நாங்கள் பள்ளிக்கூடம், மசூதி, வீடு எல்லாம் கட்டியிருக்கிறோம்.

காய்ந்து கிடக்கும்வரை ஒன்றும் ஆகாது. குகையின் வாயைக் களியும் மணலும் அடைத்துக்கொண்டு, ஆயிரம் வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும். தண்ணீர் பட்டால் அந்த அடைப்பு கரைந்து உள்ளே இறங்கும். மழையில்லாத ஊரில் தண்ணீர் ஏது என்று கேட்கலாம். நாம்தான் மழை. தோட்டத்துக் குழாய், தொட்டிக் கசிவு, குளியலறை, துணி துவைக்கிற இயந்திரம். போன வருஷம் பள்ளி மைதானத்தில் கால்பந்து கம்பம் ஒன்று நின்ற இடத்தோடு உள்ளே போய்விட்டது. அன்று வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் இல்லை. அதற்கப்புறம்தான் நகராட்சிக்கு உறைத்தது. ஒரே ஒரு அறை கட்டுவதானாலும் மூன்று துளை போட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். பார்ப்பது நான். படிவத்தை நிரப்புவது நான். கையெழுத்துப் போடுகிற எஞ்சினியர் நானூறு கிலோமீட்டர் தள்ளி, ஏசி அறையில் இருக்கிறார். நான் எழுதியதற்கு மேல் அவர் ஒரு புள்ளி வைத்ததில்லை.

அந்தப் புதன்கிழமை நாங்கள் போனது என் அக்கா ஷம்மாவின் வீட்டுக்கு. ராணுவத்தில் எல்லையில் இருக்கிற அவள் இளைய மகன் மிஸ்ஃபிருக்குக் கல்யாணம் கூடியிருந்தது. புது மருமகளுக்காக முன்வாசல் பக்கம் ஒரு அறை கட்ட வேண்டும். சொந்த அக்கா வீடு, பதினெட்டு வருஷமாக அசையாமல் நிற்கிற வீடு. மூன்று துளையையும் மதியத்துக்குள் முடித்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

அக்காவை ஊரில் யாரும் ஷம்மா என்று கூப்பிடுவதில்லை. உம்மு ராக்கான், அதாவது ராக்கானின் தாய். எங்களிடம் பெற்றவர்களை மூத்த மகன் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். என் பேர் முத்லக், ஆனால் ஊருக்கு நான் அபூ நாயிஃப், நாயிஃபின் தகப்பன். மகன் போய்ச் சேர்ந்தாலும் பேர் போகாது. பதினொரு வருஷத்துக்கு முன்னால், ஆகஸ்ட் மாதத்தில், வழி தப்பின நாலு ஒட்டகங்களைத் தேடி ராக்கான் வண்டியோடு மணலுக்குள் போனான். வண்டி புதைந்துவிட்டது. நாலாம் நாள் அவனைக் கண்டுபிடித்தது நான்தான். வண்டியின் நிழலில் படுத்திருந்தான். ரேடியேட்டர் தண்ணீரைக்கூடக் குடித்துத் தீர்த்திருந்தான். என் கையில் தண்ணீர் கேன் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மாதமே அக்கா வீட்டு வெளிச்சுவரில் அவன் பேரால் சபீல் வைத்தோம். வழிப்போக்கருக்கான தண்ணீர்தான் சபீல். தகரக் கூரை, நாலு குழாய் வைத்த குளிர்நீர்ப் பெட்டி, சங்கிலியில் கட்டின டம்ளர், கீழே சிந்துகிற நீரை வாங்கிக்கொள்ள ஒரு தொட்டி. ஒருவர் ஒரு மிடறு குடித்தால் அதன் நன்மை போனவனுக்குப் போய்ச் சேரும் என்பது எங்கள் நம்பிக்கை. லாரிக்காரர்கள் நிறுத்துவார்கள், பாட்டில் நிரப்புவார்கள், தொழுகைக்குக் கை கால் கழுவி உளூச் செய்வார்கள், முகம் கழுவுவார்கள். இரவு பகல் ஓயாது.

முதல் துளை சுத்தமான கல். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைச் சுவர் ஓரமாக, சபீலிலிருந்து நாலடி தள்ளிப் போடச் சொன்னேன்.

ரிக்கை ஓட்டுகிறவன் சல்மீன். தேனுக்குப் பேர்போன ஹள்ரமௌத்துக்காரன், என்னைவிட ஆறு வயது மூத்தவன், அதைச் சொல்லிக்காட்டாமல் ஒரு நாளும் விடமாட்டான்.

"நிழல்ல உக்காருங்க அபூ நாயிஃப்," என்றான். "உங்க முழங்கால் கத்துற சத்தத்துல எனக்கு மெஷின் சத்தம் கேக்கல."

"நீ உன் வேலையப் பாரு. தேன் விக்கப் போறேன் போறேன்னு பத்து வருஷமா சொல்ற. போயும் தொலைய மாட்டேங்குற."

"நான் போயிட்டா உங்கள யாரு திட்டுவா? அந்தப் பாவத்துக்குத்தான் இருக்கேன்."

நாலரை மீட்டர் வரை கல். அப்புறம் என் முழங்காலில் வலி நின்றது.

ராடு போய்விட்டது. ஆறு மீட்டர், கல்லும் தடுக்காமல் மண்ணும் தடுக்காமல், ஒரே இறக்கமாக. சல்மீன் இடுக்கியைப் போட்டுப் பிடித்திருக்காவிட்டால் மொத்த ராடும் உள்ளே போயிருக்கும். துளையிலிருந்து புகையாகக் கிளம்பிக்கொண்டிருந்த தூசி சட்டென்று அடங்கியது. கம்ப்ரசர் அடிக்கிற காற்று வேறு எங்கோ வழி கண்டுபிடித்துக்கொண்டது.

எங்கே என்று தெரிய ரொம்ப நேரமாகவில்லை. சபீலில் ஸர்வர் பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தான். ஜல்லி லாரி ஓட்டுகிற பெஷாவர்க்காரன், வாரத்துக்கு மூன்று தடவை வருவான். அவனுக்கு எதிரே இருந்த தொட்டியின் வடிகால் கடகடவென்று பொங்கி, நுரையும் அழுக்குத் தண்ணீருமாக அவன் முகத்தில் அடித்தது. துள்ளிக் குதித்தான்.

"அர்பாப்! முதலாளி, உங்க சபீல் ஏப்பம் விடுது!"

அவன் சிரித்தான். சல்மீன் சிரிக்கவில்லை. கம்ப்ரசரை நிறுத்தினான். ராடை மேலே இழுத்து, நுனியில் ஒட்டியிருந்த களியைக் கையால் வழித்து என்னிடம் நீட்டினான். ஈரக்களி. மழை பெய்து பதினான்கு மாதமான ஊரில், பத்து மீட்டருக்குக் கீழே ஈரக்களி.

"மோந்து பாருங்க," என்றான்.

மோந்து பார்த்தேன். சோப்பு வாசனை. அக்கா வீட்டில் துணிக்குப் போடுகிற தூளின் வாசனை, சந்தேகமே இல்லை. களியைத் தரையில் எறிந்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். சல்மீன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் எதுவும் கேட்காததற்குக் காரணம் இருந்தது. அந்தச் சபீலின் உறிஞ்சு குழியை வெட்டியது நான்தான் என்று அவனுக்குத் தெரியும். கடப்பாரை பிடித்து உதவியவனே அவன்தானே.

எங்கள் ஊரில் கழிவுநீருக்குக் குழாய் இல்லை. வீட்டுக்கு வீடு குழிதான். பதினைந்து நாளுக்கொரு தடவை கழிவு லாரி வந்து உறிஞ்சும், தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும். அக்கா வீட்டுக்கு மட்டும் பதினொரு வருஷத்தில் ஒரு தடவைகூட லாரி வந்ததில்லை. அந்தக் குழி நிரம்பவே இல்லை. சபீல் தண்ணீர் போதாதென்று உடனேயே குளியலறை, சமையலறை, துணி இயந்திரம் எல்லாவற்றையும் அதிலேயே திருப்பிவிட்டோம். அப்போதும் நிரம்பவில்லை. ராக்கான் பேரால் கொடுக்கிற தண்ணீரின் பரக்கத், அல்லாஹ்வின் அருள் என்று தெருப் பெண்கள் சொன்னார்கள். நானும் மாஷா அல்லாஹ் என்றேன். என் தொழிலே தரைக்குக் கீழே இருக்கிற ஓட்டையைக் கண்டுபிடிப்பது. வேறு யாராவது வந்து, எங்கள் வீட்டுக் குழி நிரம்புவதே இல்லை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே அந்த வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருப்பேன். அக்கா வீட்டுக் குழி என் கண்ணில் படவே இல்லை.

அக்கா காப்பிக் கூஜாவோடு வெளியே வந்தாள்.

"என்னடா, மூஞ்சி இப்படித் தொங்குது? ராத்திரி பூரா தூங்கலியா, இல்ல உன் பொண்டாட்டி சாப்பாடு போடலியா?"

"அக்கா, இன்னிலேர்ந்து முன்கட்டுல படுக்காத. பின்னால போயிடு."

அவள் கூஜாவைக் கீழே வைத்தாள். துளையைப் பார்த்தாள், ராடைப் பார்த்தாள், சல்மீனைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷம் ராடுக்காரனுக்கு அக்காவாக இருந்தவளுக்கு விளக்கம் தேவையில்லை.

"எவ்வளவு விழுந்துச்சு?"

"ஆறு மீட்டர்."

"எதனால?"

"தண்ணி."

"எந்தத் தண்ணி?"

சொல்லியிருக்க வேண்டியது அந்த இடத்தில்தான். வாய்வரை வந்தது. சபீலைத் தாண்டி அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஸர்வர் முகத்தைத் துடைத்துக்கொண்டே டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான்.

"பாக்கணும்," என்றேன். "நகராட்சிக் குழாய் எங்கியாவது ஒழுகுதோ என்னமோ."

எனக்கு வயது ஐம்பத்தாறு. இந்த மாதிரிக் கோழைத்தனத்தை இந்த வயதில் கற்றுக்கொள்ள முடியும் என்று நினைத்ததில்லை. அக்கா முகம் தெளிந்தது. "அப்படித்தான் இருக்கும். அந்தக் குழாய் போட்டவனுங்க லட்சணம் எனக்குத் தெரியாதா," என்று சொல்லிக் காப்பி ஊற்றினாள்.

வண்டியில் திரும்பும்போது சல்மீன் வழக்கம்போல என்னைத் திட்டவில்லை. எனக்கு அதுவே பெரிய தண்டனையாக இருந்தது.

"நகராட்சிக் குழாய்ல சோப்புத் தண்ணியா வருது, அபூ நாயிஃப்?" என்றான் கடைசியில்.

"வாய மூடு."

"மூடிக்கறேன். ஆனா நீங்க குழாய்னு எழுதினா, அவனுங்க குழாயத் தோண்டிப் பாத்துட்டு, சிமெண்ட் கரைசல கொண்டாந்து அந்த ஓட்டைல ஊத்திட்டுப் போயிடுவானுங்க. சபீல் மேல ஓடும். கீழ அரிச்சுக்கிட்டே இருக்கும். புது மருமக வந்து படுக்கற அறை அது."

தெரியாதா எனக்கு? இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு தெருவில் நாற்பது லாரி சிமெண்ட் ஊற்றினோம். அடுத்த ரமலானில் பத்தடி தள்ளி இன்னொரு வாய் திறந்தது. எனக்கு அலுத்துவிட்டது. ஊரே ஒரு சல்லடை மேல் உட்கார்ந்துகொண்டு தோட்டம் வைக்கிறது, அதை நான் துளை துளையாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். வியாழக்கிழமை பூராவும் அந்தக் கட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அனுப்ப வேண்டும். இரண்டு இரவு என் அக்கா அந்த வீட்டில்தான் படுத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து நான் வந்ததும் அவளே என் வீட்டுக்கு வந்தாள். தனியாக. கறுப்பு அபாயா அங்கியில் ஒரு சுருக்கம் இல்லை. முக்கியமான இடத்துக்குப் போகிறவள் மாதிரி உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். என் மனைவி பேரீச்சம்பழத்தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் காப்பி ஊற்றினேன், அக்கா கோப்பையை வாங்கினாள்.

வாங்கித் தரையில் வைத்தாள். குடிக்கவில்லை.

முதலில் எனக்குப் புரியவில்லை, சூடாக இருக்கிறது போலும் என்று நினைத்தேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அப்போதுதான் புரிந்தது.

எங்களிடையே இது விளையாட்டுக் காரியமில்லை. வந்தவன் காப்பியைத் தொடாமல் தரையில் வைத்தால் அவனுக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்காரன், 'குடி, நீ கேட்டது கிடைத்தது' என்று சொல்கிறவரை அவன் குடிக்கமாட்டான். சொல்லாமல் அவனை அனுப்பிவிட்டால் வீட்டுக்காரன் ஊரில் தலைகாட்ட முடியாது. பெண் கேட்க வருகிறவர்கள் செய்வார்கள், கொலைக்கு மன்னிப்புக் கேட்டு வருகிறவர்கள் செய்வார்கள். ஆண்கள் செய்வது. ஒரு பெண், அதுவும் தம்பி வீட்டில் செய்து நான் பார்த்ததில்லை.

"குடி அக்கா. ஆறிடும்."

"ஆறட்டும்."

"என்ன வேணும் உனக்கு?"

"குழாய்னு எழுது." குரல் நடுங்கவில்லை. "உன் எஞ்சினியரு நீ எழுதினத அப்படியே ஒத்துக்குவான். ஊருக்கே தெரியும் அது. குழாய் ஒழுகிச்சு, மண்ணு இறங்கிச்சு. அவ்வளவுதான். நான் அங்கேர்ந்து கிளம்பச் சொன்னாலும் கிளம்பறேன். மிஸ்ஃபிருக்கு வேற எடத்துல அறை எடுத்துக்கறேன். ஆனா ராக்கான் தண்ணி வீட்ட முழுங்கிச்சுன்னு ஒரு காகிதத்துல இருக்கக் கூடாது. சபீல மூடக் கூடாது."

"அக்கா..."

"நேத்து பக்கத்து வீட்டு ஹமூத் பொண்டாட்டி வந்தா. 'அந்தத் தண்ணிதான் கீழ அரிச்சுதாமே'ன்னு கேக்கறா. ஸர்வர் ஏப்பம் ஏப்பம்னு எல்லா இடத்துலயும் சொல்லிச் சிரிச்சிருக்கான். தாகத்துல செத்த பிள்ளைடா அவன். அவன் பேருல நான் குடுக்கற தண்ணி பாவமாப் போச்சுன்னு சொல்லுவியா? சொல்லு. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

'குடி, கிடைத்தது' என்று சொல்வது எவ்வளவு சுலபம். இரண்டு வார்த்தை. சொன்னால் அக்கா கண் துடைத்துக்கொண்டு காப்பி குடிப்பாள், என் பேர் எங்கும் வராது, எனக்கும் ஓய்வுபெற இரண்டு வருஷம்தான் பாக்கி. காப்பியின் மேல் மெல்லிய ஏடு படிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அந்தக் குழிய வெட்டினது யாரு, அக்கா?"

"நீதான். அதுக்கென்ன?"

"வெட்டி முடிச்ச அன்னிக்கு ஒரு டேங்கர் தண்ணி கொண்டாந்து ஊத்தினேன், ஞாபகம் இருக்கா? சரியா இருக்கான்னு பாக்க. காலைல ஊத்தினது. சாயந்திரம் அஸர் தொழுகைக்குள்ள ஒரு சொட்டு இல்ல. ஒரு டேங்கர், அக்கா. கல்லுத் தரைல. அது எங்க போச்சுன்னு நான் கேக்கணுமா வேண்டாமா? என் பொழப்பே அதைக் கேக்கறதுதான்."

அவள் என் முகத்திலிருந்து கண்ணை எடுத்துக் கோப்பையைப் பார்த்தாள்.

"நான் கேக்கல. ஏன்னு இந்த ரெண்டு நாளா நெனச்சுப் பாத்தேன். ராக்கானக் கண்டெடுத்தப்போ என் கைல கேன் இருந்துச்சு. அவன் உதடு வெடிச்சிருந்துச்சு. ஊத்த முடியல. அப்புறம் பத்து நாள்ல அந்தக் குழில ஊத்தறேன், ஊத்த ஊத்த உள்ள போவுது. இன்னும் குடு இன்னும் குடுங்கற மாதிரி போவுது. அவன் வாயில ஊத்தற மாதிரி இருந்துச்சு எனக்கு. அதான் கேக்கல. நல்லா குடிக்கட்டும்னு விட்டுட்டேன்."

நாயிஃபுக்கு முன்னாலோ சல்மீனுக்கு முன்னாலோ நான் அழுததில்லை. அக்கா முன்னால் வெட்கமாக இல்லை.

"ராக்கான் தண்ணி தப்பு பண்ணல. அது போக வேண்டிய வழிய நான் தப்பா வெட்டிட்டேன். அதை எழுதினாத்தான் சபீல மூடுவாங்க, வீட்டக் காலி பண்ணுவாங்க. எழுதலேன்னா சபீல் ஓடிக்கிட்டே இருக்கும், அங்க தண்ணி குடிக்க வர்ற இன்னொரு பிள்ளையும் உள்ள போயிடும். இப்ப நீ சொல்லு. சொன்னா குழாய்னே எழுதறேன். காப்பிய வெச்சுட்டே, நான் உனக்கு மறுக்க முடியாது."

வெளியே தெருவில் ஒரு கழிவு லாரி போயிற்று. அது போய் முடிகிறவரை அவள் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள்.

"மூணாவது குழாய் இருக்குல்ல," என்றாள். "இடது கைப் பக்கம். அது வாஷர் தேஞ்சு ஒழுகும்."

"தெரியும். மாத்தித் தரேன்னு எத்தனையோ தடவ சொன்னேன்."

"நான் வேண்டாம்னேன்."

"ஆமா."

"ராத்திரில சத்தம் கேக்கும் முத்லக். சொட்டு, சொட்டு, சொட்டு. அந்தச் சத்தம் கேட்டாத்தான் தூக்கம் வரும் எனக்கு. அவனுக்குப் போயிட்டிருக்குன்னு. பதினோரு வருஷமா அதை நான் இறுக்கி மூடல."

அக்கா குனிந்து கோப்பையை எடுத்தாள். நான் இன்னும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கேட்டது கிடைக்கவில்லை, கிடைக்காது என்றும் அவளுக்குத் தெரியும். ஆறி ஏடு படிந்த காப்பியை ஒரே மடக்கில் குடித்தாள். இன்னும் வேண்டுமா என்று கூஜாவைத் தூக்கினேன். போதும் என்பதற்கு நாங்கள் செய்கிறபடி, கோப்பையை இப்படியும் அப்படியுமாக ஆட்டி என்னிடம் கொடுத்தாள்.

"வால்வ நான்தான் மூடுவேன்," என்றாள். "வேற எவனும் கை வைக்கக் கூடாது."

அன்றே மூடினாள். துரு ஏறியிருந்தது, இரண்டு கையாலும் திருகினாள். நான் உதவிக்குப் போனேன், முழங்கையால் தள்ளிவிட்டாள். மூன்றாவது குழாய் கொஞ்ச நேரம் சொட்டிவிட்டு நின்றது. மாலைக்குள் பாத்திரம் பண்டம் எல்லாம் என் வீட்டுக்கு வந்துவிட்டது.

படிவத்தில் எழுதினேன். காரணம்: சபீல் மற்றும் வீட்டுக் கழிவுநீர், உறிஞ்சு குழி வழியாக. குழி வெட்டியவர் என்ற இடத்தில் என் பெயரைத் தகப்பன் பெயரோடு முழுசாக எழுதினேன். எஞ்சினியர் முதல்முறையாகத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"உங்க பேர எதுக்குங்க போட்டிருக்கீங்க? அதைக் கேட்டு கட்டமே இல்லியே."

"கட்டம் நானே போட்டுக்கிட்டேன்."

அடுத்த மாதம் என்னை உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை. முழங்காலுக்கு நல்லது என்றான் சல்மீன்.

வால்வை மூடிய பத்தொன்பதாம் நாள் காலையில் வீடு போயிற்று. இடி மாதிரியெல்லாம் இல்லை. தெருவில் நின்றவர்கள், பெரிய மூட்டை ஒன்றைக் கீழே இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது என்றார்கள். வெளிச்சுவரும் தகரக் கூரையும் முன்கட்டு முழுதும் உள்ளே. பின்கட்டு மட்டும் விளிம்பில் நின்றது, புது அறைக்கு வாங்கி வைத்திருந்த கதவு சாய்ந்தபடி இருந்தது. யாருக்கும் ஒன்றும் இல்லை. வேலி கட்டினார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். மிஸ்ஃபிரின் கல்யாணம் என் முற்றத்தில் நடந்தது.

அக்கா வேலியைப் பார்க்க வரவில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம், நாலாவது வீட்டுக்கு முன்னால், நான் இரண்டு துளை போட்டுப் பார்த்துச் சுத்தமான கல் என்று சொன்ன இடத்தில் ஒரு பந்தல் போடச் சொன்னாள். குளிர்நீர்ப் பெட்டி வேண்டாம், குழாய் வேண்டாம், தொட்டி வேண்டாம் என்றுவிட்டாள். ஐஸ் போட்ட இரண்டு பெரிய ஃபிளாஸ்க், ஒரு கூஜா, நாற்காலி. காலையில் வந்து உட்கார்ந்துகொண்டு, வருகிறவருக்கு அவளே கையால் ஊற்றினாள். உளூவுக்குத் தண்ணீர் கேட்டால் மசூதிக்குப் போகச் சொன்னாள். குடிக்க மட்டும்தான்.

ஒரு மதியம் நான் அவளோடு உட்கார்ந்திருந்தபோது ஸர்வரின் லாரி வந்து நின்றது. ஏப்பக் கதையை ஊரெல்லாம் சொன்ன வெட்கத்தில் மூன்று வாரமாக இந்தப் பக்கம் வராமல் இருந்தவன். குனிந்த தலையோடு வந்து பாட்டிலை நீட்டினான்.

"எப்படி இருக்கீங்க, அம்மா?"

"இருக்கேன். பாட்டில் தூசியா இருக்கு பாரு."

கொஞ்சம் ஊற்றினாள். அவன் மூடியைப் போட்டுக் குலுக்கி, பாட்டிலைக் கழுவினான். எல்லா லாரிக்காரர்களும் எப்போதும் செய்வதுபோல அந்தத் தண்ணீரைத் தரையில் கொட்டக் கையைச் சாய்த்தான்.

அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். எங்கள் பெண்கள் அந்நிய ஆணைத் தொடமாட்டார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். ஸர்வர் பயந்துபோய் என்னைப் பார்த்தான்.

"கீழ விடாத மகனே," என்றாள் அக்கா. "அதையும் குடி."

கலங்கின தண்ணீர்தான். அவன் குடித்து முடிக்கிறவரை அவள் கையை விடவில்லை.